உரிமையாளரா, உபயகாரரா?

சென்ற மாதம் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் எங்கள் ஊர்ப் பிள்ளை. 1990களின் தொடக்கத்தில், இரவில் முற்றத்தில் விளக்கு வைக்கவே பயந்த காலத்தில், சுவிட்சர்லாந்துக்குப் போனவர். உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி இன்று மூன்று கடைகளுக்குச் சொந்தக்காரராக இருக்கிறார். வருடத்துக்கு நாற்பது இலட்சம் ரூபாய் வீதம் ஐந்து வருடங்களுக்குக் கழகத்துக்குத் தருவதாக எழுதியிருக்கிறார். பதிலுக்கு மூன்று நிபந்தனைகள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரையும் அவரே நியமிப்பார். கழகத்தின் பெயரோடு அவருடைய தந்தையாரின் பெயர் சேர வேண்டும். அணியைத் தெரிவு செய்வதும், வெளி மாவட்டங்களிலிருந்து சம்பளத்துக்கு வீரர்களைக் கொண்டுவருவதும் அவர் நியமிக்கும் முகாமையாளரின் பொறுப்பு.

எங்களுடையது மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரையில், வட்டைகள் என்று நாங்கள் சொல்லும் வயல்வெளிகளுக்கு நடுவே உள்ள ஒரு சின்ன ஊரின் கழகம். 1978 நவம்பர் சூறாவளியில் கோல் கம்பங்களும் சாய்ந்தன. விழுந்த தென்னைகளில் இருந்தே புதிய கம்பங்களைச் செதுக்கி நட்டதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை வாவியின் கிழக்கே உள்ள எழுவான்கரையில் ஒரு போட்டி என்றால் பாதை எனும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்துதான் போனோம். சென்ற வருடம் கழகத்தின் முழுச் செலவு மூன்று இலட்சத்து எழுபதாயிரம் ரூபாய். ஒன்பது வருடம் பொருளாளராக இருந்தவன் நான். ஒவ்வோர் ஆயிரமும் யாருடைய வாசலில் நின்று கேட்டுப் பெற்றது என்று என்னால் சொல்ல முடியும். அதனால் நாற்பது இலட்சம் என்ற எண்ணைப் பார்த்து மனம் தடுமாறியவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். எனக்கும் அன்று இரவு நித்திரை வரவில்லை.

பொதுக்கூட்டத்தில் நாங்கள் முடிவெடுக்க வேண்டும். ஊரில் நான்கு பேச்சு அடிபடுகிறது. கழகத்தை அவரிடமே கொடுத்துவிடலாம் என்கிறார்கள் சிலர். யாருடைய பணமும் வேண்டாம், சந்தாவோடு இருந்த மாதிரியே இருப்போம் என்கிறார்கள் வேறு சிலர். கடன்பட்டாவது நல்ல அணி ஒன்றைக் கட்டினால் பரிசுப் பணத்தில் அடைத்துவிடலாம் என்று இளைஞர்கள் சிலர் சொல்கிறார்கள். பணத்தை வாங்குவோம், கழகத்தைக் கொடுக்க வேண்டாம் என்பது நாலாவது பேச்சு. நான் நாலாவது பக்கம் நிற்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் உறவுகளின் பணம் இன்று மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பல கழகங்களின் வாசலுக்கு வருகிறது என்பதால் என் காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

கொடுத்துவிடலாம் என்பவர்கள் இங்கிலாந்துக் கழகங்களான செல்சியையும் மன்செஸ்டர் சிட்டியையும் காட்டுகிறார்கள். 2003இல் ரஷ்யச் செல்வந்தர் ரோமன் அப்ரமோவிச் செல்சியை வாங்கினார். 2005இல் அந்தக் கழகம் ஐம்பது வருடங்களுக்குப் பிறகு இங்கிலாந்தின் லீக் சம்பியன் கிண்ணத்தைத் தூக்கியது. 2008இல் அபுதாபியின் ஷேக் மன்சூரின் நிறுவனம் சிட்டியை வாங்கியது. 2023இல் அந்த அணி ஒரே பருவத்தில் மூன்று பெரிய கிண்ணங்களை வென்றது. இவை நடந்தவை, மறுப்பதற்கில்லை. ஆனால் அவை பெருநகரத்துக் கழகங்கள். உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்க்கிறது, விற்க வந்தால் வாங்க வரிசை நிற்கிறது. எங்கள் ஊரின் அளவுக்கு ஒரு கதை வேண்டுமென்றால் ஸ்கொட்லாந்தில் இருக்கும் கிரெட்னாவுக்குப் போக வேண்டும்.

இங்கிலாந்தின் எல்லையோரத்தில் இருக்கும் கிரெட்னாவில் ஏறக்குறைய மூவாயிரம் பேர்தான். அந்த ஊர்க் கழகம் 2002இல் ஸ்கொட்லாந்து லீக்கின் அடிமட்டப் பிரிவுக்குள் நுழைந்தது. புரூக்ஸ் மைல்சன் என்ற செல்வந்தர் அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். தீய மனிதர் அல்லர். உதைபந்தாட்டத்தை உண்மையாக நேசித்தவர், ஊர்ப் பிள்ளைகளுக்கும் செலவு செய்தவர். பணம் வந்தது, பெரிய கழகங்களில் ஆடியவர்கள் வந்தார்கள். 2005, 2006, 2007 என்று அடுத்தடுத்து மூன்று வருடங்களில் மூன்று பிரிவுகளையும் வென்று உச்சப் பிரிவுக்கு ஏறிவிட்டார்கள். நடுவில் 2006இல் ஸ்கொட்டிஷ் கிண்ண இறுதிப் போட்டிவரை போய், ஹார்ட்ஸ் அணியுடன் சமநிலையில் முடித்துப் பெனால்டியில்தான் தோற்றார்கள். மூவாயிரம் பேர் வாழும் ஊரின் அணி ஐரோப்பியக் கிண்ணத்திலும் ஆடியது. அந்த மூன்று வருடங்களில் அங்கே வாழ்ந்தவர்களின் மகிழ்ச்சியை நான் சிறிதாக நினைக்கவில்லை.

உச்சப் பிரிவின் விதிகளுக்கு அவர்களுடைய ரேடேல் பார்க் மைதானம் போதவில்லை. அதனால் நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கும் மதர்வெல் நகர மைதானத்தை வாடகைக்கு எடுத்துச் ‘சொந்த மைதானப் போட்டிகளை’ ஆடினார்கள். ஊரவர்கள் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. ஒரு போட்டியைப் பார்க்க வந்தவர்கள் 431 பேர். 2008இன் தொடக்கத்தில் மைல்சன் கடுமையாக நோயுற்றார். அவருடைய பணம் நின்றது. மார்ச் மாதம் கழகம், கடனில் மூழ்கியவற்றைக் கவனிக்க நியமிக்கப்படும் நிர்வாகியின் பொறுப்புக்குப் போனது, சில மாதங்களில் கலைக்கப்பட்டது, அதே வருடம் நவம்பரில் மைல்சனும் காலமானார். உச்சப் பிரிவில் ஏறியதில் இருந்து கழகம் இல்லாமல் போனது வரை ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. ரசிகர்கள் சேர்ந்து புதிய கழகம் ஒன்றைத் தொடங்கி, மறுபடியும் கீழிருந்து ஆட வேண்டியதாயிற்று.

எங்களுக்கு வந்த கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது: இரண்டு வருடங்களில் அணி பெரிய பிரிவுக்கு ஏறியதும் போட்டிகளை மட்டக்களப்பு நகரத்தில், வெபர் மைதானத்தில் நடத்தலாம் என்று. அதைப் படித்தபோது எனக்கு மதர்வெல்தான் நினைவுக்கு வந்தது. வேலியோரம் பாய் விரித்துப் பார்க்கும் எங்கள் அம்மாமார் பஸ் ஏறி நகரத்துக்குப் போய்ப் பார்ப்பார்களா? பிற்பகல் நான்கு மணிக்கு வட்டையில் இருந்து நேரே மைதானத்துக்கு வந்து, மண்வெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்று பார்க்கிற மனிதர் போவாரா?

நல்ல உரிமையாளர் கிடைத்தால் என்ன என்று கேட்கலாம். கிடைத்தார்கள். இங்கிலாந்தின் பிளாக்பேர்ன் ரோவர்ஸைத் தூக்கி நிறுத்திய ஜாக் வோக்கர் அந்த ஊரிலேயே பிறந்து இரும்பு வியாபாரத்தில் செல்வம் சேர்த்தவர். மைதானத்தைத் திருத்திக் கட்டினார், பயிற்சி நிலையம் அமைத்தார், கோலடிக்கும் வீரர் அலன் ஷியரரை வாங்கினார், 1995இல் லீக்கையே வென்று கொடுத்தார். அவர் 2000இல் இறந்தார். பத்து வருடம் கழித்து அவருடைய குடும்ப அறக்கட்டளை கழகத்தைப் புனேயின் கோழி வியாபாரக் குடும்பம் ஒன்றுக்கு விற்றது. 2012இல் உச்சப் பிரிவை இழந்தார்கள், 2017இல் மூன்றாம் பிரிவுக்கே இறங்கினார்கள். வோக்கரின் அன்பை யாரும் சந்தேகிக்க முடியாது. அவருக்குப் பிறகு கழகம் யார் கைக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பிளாக்பேர்ன் மக்களுக்கு இருக்கவில்லை என்பதுதான் பிரச்சினை. எங்கள் சுவிஸ் அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள். இருவரும் அங்கேயே பிறந்தவர்கள், ஊருக்கு ஒரு தடவைதான் வந்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் மேல் இந்தச் சுமையை ஏற்றுவது நியாயமா என்றுதான் கேட்கிறேன்.

உரிமையாளரின் பணம் எந்த வகைப் பணம் என்பதும் முக்கியம். அப்ரமோவிச் செல்சியில் போட்டதில் பெரும்பகுதி கழகத்துக்குக் கொடுத்த கடனாகவே கணக்கில் இருந்தது. 2022இல் அது 150 கோடி பவுண் அளவுக்கு வளர்ந்திருந்தது. அந்த வருடம் மார்ச் 10ஆம் திகதி பிரித்தானிய அரசு அவர்மீது தடை விதித்தபோது கழகம் புதிதாக ஒரு டிக்கெட்கூட விற்க முடியாமல் போனது, கழகக் கடையும் மூடப்பட்டது. அவர் கடனை விட்டுக்கொடுத்ததால் செல்சி தப்பி வேறு கைக்கு மாறியது. எங்களுக்கு வந்த கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நாற்பது இலட்சம் அன்பளிப்பா, கடனா என்று அதில் எழுதியிருக்கவில்லை. அண்ணனின் மனதில் கடன் என்ற எண்ணம் இல்லை என்றே நம்புகிறேன். ஆனால் பொருளாளராக இருந்தவனுக்கு மனதைப் பற்றிய நம்பிக்கை போதாது, தாளில் இருக்க வேண்டும்.

ரஷ்யாவின் அன்ஜி மகச்கலாவையும் சீனாவின் ஜியாங்சுவையும் இங்கே ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். முதலாவதில் உரிமையாளர் 2013இல் ஒரே கோடையில் செலவைச் சுருக்கி நட்சத்திர வீரர்களை விற்றார். இரண்டாவது 2020 நவம்பரில் சீனாவின் சம்பியன், 2021 பெப்ரவரியில் இயங்குவதையே நிறுத்திய கழகம்.

அதிகம் பேசப்படாத இன்னொரு கேடு உண்டு. ஒருவருடைய பணம் அவருடைய கழகத்தோடு நிற்பதில்லை. அறுவடை நேரத்தில் பெரிய நிலக்காரரான ஒரு போடியார் அவசரத்துக்குக் கூலியைக் கூட்டிக் கொடுத்தால் அடுத்த நாள் அந்த வட்டை முழுவதும் அதுதான் கூலி. கொடுக்க வசதி இல்லாத சின்ன விவசாயியும் அதையே கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கதிர் வயலிலேயே கொட்டும். 2017இல் கட்டாரின் பணத்தில் பாரிஸ் கழகம் நெய்மர் என்ற வீரருக்காகப் பார்சிலோனாவுக்கு 22.2 கோடி யூரோ கொடுத்தபோது ஐரோப்பாவில் நடந்தது இதுதான். கையில் காசோடு நின்ற பார்சிலோனாவிடம் எல்லாரும் விலையைக் கூட்டிக் கேட்டார்கள். அதுவும் கொடுத்தது, டெம்பெலே, குட்டீனியோ என்ற வீரர்களுக்கு அள்ளிக் கொட்டியது. நாங்கள் ஒரு வீரருக்கு ஒரு போட்டிக்குப் பத்தாயிரம் கொடுக்கத் தொடங்கினால், பக்கத்து ஊர்க் கழகத்தின் பொருளாளர் அடுத்த கிழமையே யாருடைய வாசலில் போய் நிற்பார் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதர் என் நண்பர். ஏழு கழகங்கள் ஆடும் சுற்றுப்போட்டியில் ஆறு கழகங்கள் கடனில் விழுந்தால் எங்களுக்கு எதிரே ஆட யார் இருப்பார்கள்?

கடன்பட்டு அணி கட்டும் யோசனையை நான் அதிகம் பேச விரும்பவில்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைட்டட் அதைச் செய்தது. வரப்போகும் டிக்கெட் வருமானத்தை ஈடாக வைத்து 6 கோடி பவுண் கடன் வாங்கினார்கள், 2001இல் ஐரோப்பாவின் சம்பியன்ஸ் லீக் அரையிறுதி ஆடினார்கள். அடுத்த பருவங்களில் அந்தப் போட்டிக்குத் தகுதி பெறவில்லை, வருமானம் வரவில்லை. வீரர்களை விற்றார்கள், 2004இல் கீழிறங்கினார்கள், சொந்த மைதானத்தையும் விற்றார்கள். உச்சப் பிரிவுக்குத் திரும்பி வரப் பதினாறு வருடங்கள் எடுத்தது. பரிசுப் பணத்தை நம்பி முற்பணம் வாங்குவது, மழை வரும் என்று குளத்துக் கதவைத் திறந்துவிடுவதற்குச் சமம். எங்கள் ஊரில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

அப்படியென்றால் இருந்தபடியே இருப்போமா? இந்தப் பேச்சைச் சொல்பவர்கள் என் வயதுக்காரர்கள், என்னோடு ஆடியவர்கள். அவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். மாரி தொடங்கினால் எங்கள் மைதானத்தில் இரண்டு மாதம் முழங்கால் அளவு தண்ணீர். பதினாறு வயதுப் பையன் ஒருவன் அண்ணனின் பழைய சப்பாத்துக்குள் துணியை அடைத்து ஆடுகிறான். பெண் பிள்ளைகளின் அணிக்கு உடை மாற்ற ஓர் அறை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிடுவதால்தான் அவர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். கடந்த மூன்று வருடங்களில் நல்ல வீரர்கள் ஐந்து பேர் மென்பந்து கிரிக்கெட்டுக்குப் போனார்கள், இரண்டு பேர் கட்டாருக்கு வேலைக்குப் போனார்கள். மானத்தோடு இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு பிள்ளைகளைத் தண்ணீருக்குள் ஆட விடுவது எனக்குச் சம்மதம் இல்லை. அந்தப் பணம் எங்களுக்கு வேண்டும்.

ஆனால் பணம் கழகத்தை எப்படி உள்ளே இருந்து அரிக்கும் என்பதை நாங்கள் ஒரு தடவை பார்த்துவிட்டோம். பல வருடங்களுக்கு முன் ஒரு வர்த்தகர் இரண்டு பருவங்கள் எங்கள் அணியின் முழுச் செலவையும் ஏற்றார். வெளியூர் வீரர்கள் எட்டுப் பேரைக் கொண்டுவந்தார். கிண்ணங்கள் கிடைத்தன, ஊர்வலம் போனோம், பட்டாசு கொளுத்தினோம். மூன்றாவது பருவத்தின் நடுவில் அவருடைய வியாபாரம் சரிந்தது, தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினார். பஸ்காரருக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் ஜேர்சி தைத்தவருக்கும் பாக்கி நின்றது. அவர்கள் அந்த வர்த்தகரைத் தேடிப் போகவில்லை, என்னிடம்தான் வந்தார்கள். மனைவியின் காப்பை அடகு வைத்து அடைத்தேன். காப்பை ஒன்றரை வருடத்தில் மீட்டுவிட்டேன். இரண்டு பருவங்கள் வாங்கில் உட்கார வைக்கப்பட்ட எங்கள் பிள்ளைகளை மீட்க முடியவில்லை. அந்த வயதில் இரண்டு வருடம் ஆடாதவன் திரும்பி வருவதில்லை. எங்கள் கழகத்தில் இன்று முப்பது வயதைத் தாண்டிய வீரர்களே இல்லாததற்கு அந்த இரண்டு பருவங்கள்தான் காரணம்.

அதனால் நான் நாலாவது பேச்சுக்கு வருகிறேன். இதற்கு வெளிநாட்டில் இருந்து ஒரு முறையைக் கொண்டுவர வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துக் கோயில்களில் பரம்பரை பரம்பரையாக இருப்பதுதான். திருவிழாவின் ஒவ்வொரு நாளையும் குடி என்று நாங்கள் சொல்லும் தாய்வழிக் குலம் ஒன்றோ ஒரு குடும்பமோ உபயமாக ஏற்கும். அன்றைய பூசைக்கும் மேளத்துக்கும் அன்னதானத்துக்கும் அவர்கள்தான் செலவு. வசதி உள்ளவர் நிறையச் செய்வார், இல்லாதவர் இயன்றதைச் செய்வார். உபயகாரருக்கு அன்று முதல் மரியாதை உண்டு, காளாஞ்சி உண்டு. கோபுரம் கட்டிக் கொடுத்தவரின் பெயரைக் கல்லில் வெட்டி வைப்போம். ஆனால் கோயில் கதவின் திறப்பு, நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கரிடம் இருக்கும். எத்தனை கோடி கொடுத்தவரும் நாளைக்கு மூலஸ்தானத்தை மாற்றி வை என்று சொல்ல முடியாது. குடிமுறையில் ஏற்றத்தாழ்வுகள் இருந்தன, கோயில் கணக்கில் வழக்குகளும் வந்தன. அவற்றை மறைத்து அதைத் தெய்வீகமாக்க நான் வரவில்லை. கொடையும் ஆட்சியும் இரண்டு வேறு விடயங்கள் என்பதை எங்கள் ஊர் ஏற்கனவே அறியும், அதை மைதானத்துக்குக் கொண்டுபோனால் போதும் என்பதே என் எண்ணம்.

ஜேர்மனியில் இதையே ஒரு விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். 1998 முதல் அங்கே கழகங்கள் தம் உதைபந்தாட்டப் பிரிவைக் கம்பனியாக மாற்றிப் பங்கு விற்கலாம். ஆனால் வாக்குகளில் பாதிக்கு மேல் ஒன்று எப்போதும் உறுப்பினர்களின் சங்கத்திடம் இருக்க வேண்டும். 50+1 விதி என்று அதைச் சொல்வார்கள். பயேர்ண் மியூனிக்கில் அடிடாஸ், அவுடி, அலியான்ஸ் என்ற மூன்று பெரிய கம்பனிகளும் பங்கு வைத்திருக்கின்றன, ஒவ்வொன்றிடமும் 8.33 வீதம்தான். மீதி 75 வீதம் உறுப்பினர்களுடையது. ஒரு தொழிற்சாலையோடு பிறந்து வளர்ந்த லெவர்குசன், வொல்ஃப்ஸ்பேர்க் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. லீக்கின் ஊடக உரிமையில் ஒரு பகுதியை முதலீட்டாளருக்கு விற்கத் திட்டமிட்டபோது, 2024இன் தொடக்கத்தில் ரசிகர்கள் கிழமைக்குக் கிழமை மைதானத்துக்குள் டெனிஸ் பந்துகளை எறிந்து போட்டிகளை நிறுத்தினார்கள். பெப்ரவரியில் லீக் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. பேர்லினின் யூனியன் கழகத்தில் 2008இலும் 2009இலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் தாங்களே சீமெந்து குழைத்து மைதானத்தைப் புதுப்பித்தார்கள். அதைப் படித்தபோது எங்கள் ஊரில் தென்னங்கம்பம் செதுக்கியவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

உறுப்பினர் வாக்கு மட்டும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பார்சிலோனாவும் உறுப்பினர்களின் கழகம்தான், ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வாக்குரிமை உண்டு. அங்கேயும் தலைவர் தேர்தலுக்கு நிற்பவர்கள் பெரிய வீரரைக் கொண்டுவருவேன் என்று வாக்குக் கேட்டார்கள், கொண்டும் வந்தார்கள். 2021 ஆகஸ்டில் கடன் 135 கோடி யூரோ என்று புதிய தலைவர் அறிவித்தார். சம்பளம் மட்டும் முழு வருமானத்தையும் தாண்டியிருந்தது. பதின்மூன்று வயதில் வந்து அங்கேயே வளர்ந்த மெஸ்ஸி அழுதுகொண்டு வெளியேறினார். ஆகவே எங்கள் பொதுக்கூட்டமும் தவறு செய்யலாம். வாக்கோடு ஒரு வரம்பும் வேண்டும்: கொடை நின்றுபோனாலும் கழகம் தானே தாங்கக்கூடிய செலவை மட்டுமே நிரந்தரச் செலவாக வைக்க வேண்டும். ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கம்கூட இப்போது வீரர்களுக்கான செலவை வருமானத்தின் 70 வீதத்துக்குள் அடக்கச் சொல்கிறது.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கழகத்தின் அனுபவம் எனக்கு இன்னொன்றையும் காட்டியது. 2008இல் எஃப். ஏ. கிண்ணத்தை வென்ற அந்தக் கழகம், கைக்குக் கை மாறிய உரிமையாளர்களால் 2010இல் நிர்வாகியிடம் போனது, 2013க்குள் நாலாவது பிரிவுக்கு விழுந்தது. அந்த வருடம் ரசிகர்கள் காசு சேர்த்துத் தாங்களே வாங்கினார்கள். கணக்கைச் சீர்செய்தார்கள். 2017இல் டிஸ்னி நிறுவனத்தின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னர் வாங்க வந்தபோது, கேள்வி கேட்டு, கூட்டம் கூடி, வாக்களித்துக் கொடுத்தார்கள். கொடுத்தது சரியா என்று இன்றும் பேசுகிறவர்கள் இருக்கலாம். ஆனால் யாருக்கு, எந்த நிபந்தனையில் என்று அவர்களே தீர்மானித்தார்கள். கையில் இருக்கும்போதுதான் அப்படித் தீர்மானிக்கலாம். எழுதிக் கொடுத்த பிறகு கேட்க முடியாது.

நான் நிர்வாகசபைக்குக் கொடுத்திருக்கும் யோசனை இதுதான். வருடத்துக்கு நாற்பது இலட்சத்தை அன்பளிப்பாக, எழுத்தில், திருப்பிக் கேட்கும் உரிமை இல்லாமல் பெறுவோம். முதல் வருடப் பணத்தில் மைதானத்துக்கு மண் போட்டு உயர்த்தி வடிகால் வெட்டுவோம், இரண்டாவது வருடம் பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் தனித்தனி உடைமாற்றும் அறையும் கிணறும். மைதானம் பிரதேச சபையுடையது என்பதால் இவற்றுக்கு அனுமதி எடுக்க வேண்டும். கட்டிய எதுவும் தனி ஒருவரின் சொத்தாக மாறவும் முடியாது, அது நல்லது. பதினாறு வயதுக்கு உட்பட்டோருக்கு ஒரு பயிற்றுநரின் ஐந்து வருடச் சம்பளத்தை முற்கூட்டியே வங்கியில் நிலையான வைப்பில் போட வேண்டும். மீதியில் ஒரு பங்கை ஆறாவது வருடத்துக்காக ஒதுக்க வேண்டும், ஏனென்றால் அந்த வருடம்தான் உண்மையான சோதனை. வெளியூர் வீரருக்கு இந்தப் பணத்தில் இருந்து ஒரு சதமும் சம்பளமாகப் போகக் கூடாது. ஆட விருப்பமுள்ள வெளியூர்ப் பிள்ளை வரலாம், எங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிடலாம், பஸ் காசு கொடுப்போம். கணக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாசிகசாலைச் சுவரில் ஒட்டுவோம். நிர்வாகசபை இப்போது போலவே பொதுக்கூட்டத்தில் தெரிவாகும்.

இந்த வழியால் நாங்கள் இழப்பது என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த இரண்டு மூன்று வருடங்களுக்குப் பெரிய கிண்ணம் எதுவும் கிடைக்காமல் போகலாம். பக்கத்து ஊருக்கு இப்படி ஒரு கடிதம் வந்து அவர்கள் ஒப்புக்கொண்டால், அவர்களிடம் ஐந்து கோலில் தோற்கும் நாளும் வரலாம். எங்கள் முன்கள வீரன் ஒருவனைக் கொழும்புக் கழகம் ஒன்று ஏற்கனவே கேட்டிருக்கிறது. அவன் போவான், போகத்தான் வேண்டும், நானே அவனுடைய அப்பாவிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

பெயர் விடயம்தான் எனக்குக் கடினமாக இருந்தது. அண்ணனோடு தொலைபேசியில் பேசினேன். அவருடைய அப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும். மைதானத்தின் தெற்கு மூலையில் மாடு கட்டியிருப்பார். பந்து போய் மாட்டில் பட்டால் எங்களை ஏசுவார், பிறகு பந்தை அவரே எடுத்து எறிவார். அந்த மனிதரின் பெயர் ஊரில் நிலைக்க வேண்டும் என்று மகன் நினைப்பது எவ்வளவு நியாயம். வெபர் மைதானத்தைப் பாருங்கள் அண்ணன் என்றேன். அருட்தந்தை வெபர் அமெரிக்காவில் இருந்து வந்த இயேசு சபைத் துறவி, மட்டக்களப்புப் பிள்ளைகளின் விளையாட்டுக்காக உழைத்தவர். எந்த அணிக்கும் அவர் சொந்தக்காரர் இல்லை, ஆனால் இன்று மாவட்டத்தில் பந்து உதைக்கும் ஒவ்வொரு பிள்ளையின் வாயிலும் அவருடைய பெயர் வருகிறது. உங்கள் அப்பாவின் பெயரைக் கட்டடத்துக்கும் சிறுவர் பயிற்சிக்கும் வைப்போம், கழகத்தின் பெயரைத் தொட வேண்டாம் என்று கேட்டேன்.

நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்படியென்றால் கூட்டத்தில் நான் கை உயர்த்தவே முடியாதா தம்பி?” என்று கேட்டார்.

முடியும் என்றேன். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு. அவருடைய பெயர் இன்னும் எங்கள் பழைய சந்தாப் புத்தகத்தில் இருக்கிறது, 1991இல் இருந்து நிலுவை.

நிலுவை எவ்வளவு என்று கேட்டார். கணக்குப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.